கறுப்பு நம்பர் பிளேட்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆடிக் கிருத்திகைக்கு வாடகைக் கார் எடுத்து நீயே ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் நிற்கும் மொபெட்டைப் பின்பக்கம் தள்ளிவிட்டு இடம் அளந்து பார்த்தாயிற்று. எனக்கோ வாடகைக் கம்பெனி ஆப்பிலிருந்து நீ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தின் மேல்தான் நினைப்பு. "மூணு பிளான் காட்டுதும்மா, எதை அமுக்கறது?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன் மகன் பிடுங்கிக்கொள்வான். அதனால்தான் கடிதம். 27 வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் கோப்பு புரட்டியவளிடம் கேட்டுவிட்டு ஒரு வரியில் பதில் எதிர்பார்க்கக் கூடாது.

முதலில், மாப்பிள்ளையின் நண்பர் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்ற வண்டி வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அது வெள்ளை நம்பர் பிளேட், சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு விடக் கூடாது என்று அதன் பாலிசியிலேயே இருக்கும். எங்காவது இடித்துக்கொண்டால், சேதத்தைக் கணக்கிட வரும் சர்வேயர் கேட்கும்போது நீங்கள் எல்லோரும் சேர்ந்து "சும்மா கொடுத்தார்" என்று பொய் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட பொய்கள் என் மேசையில் இரண்டாம் கேள்வியைத் தாண்டியதில்லை. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். அதைப் பார்த்து எடு.

இனி அந்த மூன்று பிளான். உண்மையில் அது இன்சூரன்ஸே இல்லை. வண்டியின் பாலிசி கம்பெனி பெயரில் தனியாக இருக்கும். அடுத்தவருக்கு அடிபட்டால் ஈடு கட்டுகிற பகுதி 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். அதன் நகல் வண்டியில் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று மட்டும் பார். ஆப்பில் உன்னிடம் விற்பது வேறு. "வண்டிக்குச் சேதமானால் உன்னிடம் இவ்வளவுக்கு மேல் கேட்க மாட்டோம்" என்கிற வாக்குறுதி, அவ்வளவுதான்.

உன் படத்தில் இருந்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒன்றும் வாங்காவிட்டால் 15,000 ரூபாய் வரை உன் தலையில். மூன்று நாளுக்கு 1,350 கட்டினால் அது 2,000 ஆகக் குறைகிறது. 13,000 ரூபாய் பயத்துக்கு 1,350 விலை. பத்துப் பயணத்தில் ஒன்றிலாவது பெரிய இடி வாங்குகிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். நீ எட்டு வருஷமாக ஒரு கீறல்கூடப் போடாதவள். பெங்களூருக்குள் ஒரு நாள் சுற்ற எடுத்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். 15,000 போனால் வலிக்கும், ஆனால் வீடு நின்றுவிடாது.

இந்த முறை அந்த 1,350 ரூபாய் பிளானை வாங்கு. வள்ளிமலையில் காவடிக் கூட்டத்துக்கு நடுவே வண்டியைத் திருப்ப வேண்டும். மறுநாள் ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவு, பின்சீட்டில் கத்துகிற பிள்ளை. பழக்கமில்லாத வண்டி வேறு. இப்படிப்பட்ட நாளில்தான் பம்பர் போகும். நடுவில் இருக்கிற பிளானைத் தொடாதே. அதில் காசும் போகிறது, பயமும் போகவில்லை.

வாங்குவதற்கு முன் எதெல்லாம் சேராது என்ற பகுதியைத் திறந்து படி. டயர், ரிம், அடிப்பாகம், தொலைந்த சாவி, இதையெல்லாம் பெரும்பாலும் வெளியே தள்ளியிருப்பார்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கும் வாடகை கேட்பார்களா என்று பார். கேட்பார்கள் என்றால் அந்த 2,000 வெறும் ஆரம்பம்தான். ஆடியில் சாயங்கால மழை வேறு. தண்ணீர் நிற்கிற இடத்தில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதே, இறங்கித் தள்ளச் சொல். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஒருவர் தண்ணீருக்குள்ளேயே நாலு முறை சாவியைத் திருப்பி இன்ஜினைக் கெடுத்துக்கொண்டார். வெள்ளத்துக்குப் பாலிசி உண்டு, சாவி திருப்பியதற்கு இல்லை. எங்கள் ஆபீஸ் படியில் அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வண்டியை எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் சுற்றி வந்து வீடியோ எடு. நாலு சக்கரம், கண்ணாடி, பம்பருக்கு அடியில், ஸ்டெப்னி, கிலோமீட்டர், பெட்ரோல் முள். பழைய கீறல், ஒடுக்கு எதுவானாலும் ஆப்பில் ஏற்று. திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே. வழியில் ஏதாவது ஆனால் உடனே கம்பெனிக்குச் சொல். ஆம்பூரில் தெரிந்த டிங்கரிங் கடையில் தட்டிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொல்வார், கேட்காதே. சொல்லாமல் தட்டிவிட்டால் பிளானும் போச்சு. யாருக்காவது அடி பட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ். கையில் காசு கொடுத்து முடிக்கப் பார்க்காதே.

மாப்பிள்ளையும் ஓட்டுவதென்றால் அவர் லைசென்ஸையும் இப்போதே சேர்த்துவிடு. பதியாத ஆள் ஓட்டி இடித்தால் நீ கட்டின 1,350 தண்ணீரில் போட்ட மாதிரி.

இதை எழுதியதே அப்பாவுக்காகத்தான். 31 வருஷம் டாக்ஸி ஓட்டிய மனுஷன். கண்ணில் புரை எடுத்த பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அவராக வாய்விட்டுக் கேட்க மாட்டார். வண்டியைச் சுற்றி வருவார், டயரை உதைத்துப் பார்ப்பார், "கிளட்ச் லேசா இருக்குமோ?" என்பார். தெரு முனை வரைதானே என்று உனக்கு மனசு இளகும். இளகட்டும், சாவியை மட்டும் என்னிடம் கொடுத்து வை. அஞ்சறைப் பெட்டியில் போட்டுக்கொள்கிறேன், அங்கே அவர் கை வைக்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா