செயலர் அறிக்கை: சம்பளம் வாங்கும் வழிகாட்டிகள்

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழுவின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது ஒரே கேள்விதான்: ஆதரவு குறைந்த பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருப்பவருக்குச் சம்பளம் தரலாமா? "அன்புக்குக் கூலியா?" என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். விவாதம் காரசாரமாகவே நடந்தது. முடிவில், முழுநேரச் சம்பளப் பணியாகவே வைப்பது என்று தீர்மானித்தோம்.

காரணம் இதுதான். தன்னார்வலர் நல்ல மனதோடுதான் வருகிறார். அப்புறம் வேலை மாறுகிறது, குடும்பம் பெருகுகிறது, வருவது குறைந்து ஒருநாள் நின்றுவிடுகிறது. ஏற்கெனவே பெரியவர்களால் ஏமாந்த பிள்ளை மறுபடியும் ஏமாறுகிறது. வழிகாட்டி-பிள்ளை உறவு எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பது பற்றி கிராஸ்மன், ரோட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவால் பிள்ளைகளுக்கு நல்ல பலன் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்தபோதோ அவர்களுடைய தன்மதிப்பே சரிந்தது. அரைகுறையாகச் செய்வதைவிடத் தொடங்காமல் இருப்பது மேல் என்பது என் கருத்து.

நமக்கு முன்மாதிரி, டங்கன் கேம்ப்பெல் 1993இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த சில்ட்ரன்' என்ற அமைப்பு. பள்ளியில் சேரும் வயதிலேயே பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, 12 ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடவே இருக்கிறார்கள். வழிகாட்டிக்கு அதுவே முழுநேர வேலை. ஒருவர் பொறுப்பில் சில பிள்ளைகள் மட்டுமே. அவர்கள் தேடுவது கெட்டிக்காரப் பிள்ளைகளை அல்ல, அதிகச் சிரமத்தில் இருப்பவர்களை. நம்மிடமும் "நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை எடுத்தால் பலன் சீக்கிரம் தெரியுமே" என்ற யோசனை வந்தது. தெரியும், சரி. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் தருவதைவிட நல்ல வாய்ப்புகள் வேறிடத்தில் கிடைக்கும்.

சம்பளம் தந்தாலும் வழிகாட்டி விலகவே மாட்டார் என்று சொல்ல முடியாது. எனவே, விலகுபவர் புதியவருடன் சில மாதம் சேர்ந்து போய்ப் பிள்ளையையும் வீட்டாரையும் அறிமுகப்படுத்த வேண்டும் என்பது இப்போது விதி. நியமனத்துக்கு முன் பின்னணிச் சரிபார்ப்பும் கட்டாயம். பிள்ளைகளின் பெயரோ படமோ எந்த வெளியீட்டிலும் வராது. நன்கொடையாளர் கேட்டாலும் வராது.

நிதிதான் கவலை. நன்கொடை ஓராண்டுக்கு வருகிறது, பொறுப்போ பள்ளிப்படிப்பு முடியும்வரை. ஆகவே, போதிய சேமநிதி சேராமல் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்ற தீர்மானத்தை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

தணிக்கையான வரவுசெலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலர்