கடைகளில் தவணைக் கடன் தரும் நிதி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதி நிறுவனத்தாருக்கு,

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் சிறிய கடைக்காரன் எழுதுகிறேன். உங்கள் தவணை வசதி வந்த பிறகு எங்கள் வியாபாரம் கூடியிருக்கிறது. மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் புரட்ட முடியாத குடும்பமும் நல்ல ஃபிரிட்ஜ் வாங்கிப் போகிறது. பாக்கி வசூலிக்க நாங்கள் அலைய வேண்டியதில்லை. அதற்காக எங்களிடம் நீங்கள் பிடிக்கும் கமிஷனைப் பற்றிப் பெரிய புகாரும் இல்லை. என் மனக்குறை வேறு.

கல்லாவுக்கு முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் பிரதிநிதி டேப்லெட்டை நீட்டுகிறார். மாதம் எவ்வளவு என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் பொடி எழுத்தில், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. வாடிக்கையாளர் அதைப் படிப்பதில்லை. என் முகத்தைப் பார்த்து, "என்னங்க, போடலாமா?" என்கிறார். என்னை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போடுகிறார்.

நான் என்ன பதில் சொல்வது? 12 மாதத் தவணைக்கு 12 சதவீத பிளாட் ரேட் என்கிறீர்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், உண்மையில் அது ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. 'வட்டியே இல்லை' என்கிற ஆறு மாதத் திட்டத்திலும், 2 சதவீத பிராசசிங் கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சதவீத வட்டிக்குச் சமம். கடனின் ஆண்டு வட்டி விகிதத்தை வாங்குபவருக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் 1968-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். புதிதாக எதையும் நான் கேட்கவில்லை.

அப்புறம், ரிட்டர்ன். எங்களை அதிகம் வதைப்பது இதுதான். பழுதான பொருளை நான் திரும்ப எடுத்துக்கொண்டு, அன்றே உங்கள் போர்ட்டலில் பதிவும் செய்கிறேன். அடுத்த மாதமும் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போகிறது. கணக்கில் பணம் இல்லையென்றால் அபராதம் வேறு. உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தால் "கடையில் கேளுங்கள்" என்கிறார்கள். பொருளும் இல்லாமல், கடனும் தீராமல் வந்து நிற்பவரிடம் "அது ஃபைனான்ஸ் கம்பெனி விஷயம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1850-களில் சிங்கர் நிறுவனம் தையல் இயந்திரங்களைத் தவணையில் விற்கத் தொடங்கியபோது, பொருளை விற்றவரே கடனும் கொடுத்தார். இன்று கடை ஒருவருடையது, கடன் வேறொருவருடையது. நடுவில் மாட்டிக்கொள்பவர் வாங்கியவர்தான்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள், அவர் படிக்கும் மொழியில். ரொக்க விலை, எல்லாக் கட்டணமும் சேர்த்துக் கட்டப்போகும் மொத்தத் தொகை, உண்மையான ஆண்டு வட்டி, தவணை தவறினால் என்ன, முன்கூட்டியே அடைத்தால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கேட்காமல் காப்பீட்டைச் சேர்க்காதீர்கள். ரிட்டர்ன் பதிவானதும் தவணையை நிறுத்துங்கள். அதற்காக அவருடைய கிரெடிட் ஸ்கோரில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்ணில், கை வைக்காதீர்கள்.

மொத்தத் தொகையைப் பார்த்துச் சிலர் வாங்காமல் போவார்கள் என்று உங்கள் பிரதிநிதி சொல்கிறார். சரி, போகட்டும். அந்த விற்பனை எனக்கு வேண்டாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அடுத்த முறை அவர் வரும்போது அந்த ஒரு பக்கத்தையும் கொண்டு வரச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு கடைக்காரர்