இன்டர்நெட் எம்பிபிஎஸ் நம்பர் மட்டும் போட்டா பத்தாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கீழக்கரையிலேர்ந்து எழுதுறேன். இன்டர்நெட் பத்தி பேப்பர்ல எப்ப செய்தி வந்தாலும் எந்த கம்பெனி எத்தன எம்பிபிஎஸ் (வினாடிக்கு எத்தன மெகாபிட்) வேகம் தருதுங்கிற கணக்கோட முடிஞ்சிருது. எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு வெளிநாட்டுல ஆள் இருக்கு, ராத்திரி வாப்பாகிட்ட வீடியோ கால் போயிட்டிருக்கும்போது பக்கத்து ரூம்ல தம்பி அதே வைஃபைல ஒரு பெரிய வீடியோவ அப்லோட் போட்டா போதும், இங்க பேச்சு இழுத்து இழுத்துதான் வரும். ஸ்பீடு டெஸ்ட்ல நம்பர் ஜம்முனு காட்டும், அப்பவும் லைன் சரியில்லன்னு பெரிய பிளானுக்கு மாறிடுறாங்க, காசு போனதுதான் மிச்சம்.

கோளாறு நெரிசல சமாளிக்கிற விதத்துல இருக்கு சார். 1986ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டி பக்கம் வினாடிக்கு 32 ஆயிரம் பிட் போயிட்டிருந்த லைன் நெரிசல்ல வெறும் 40 பிட்டுக்கு படுத்துருச்சு. அதுக்கப்புறம் வான் ஜேக்கப்சன்கிற நெட்வொர்க் ஆராய்ச்சியாளர் 1988ல எழுதின முறைதான், இன்டர்நெட்ல டேட்டாவ சின்ன சின்ன பாக்கெட்டா பிரிச்சு அனுப்புற டிசிபிங்கிற விதிமுறைல நெரிசல சமாளிக்கிறதுக்கு அடிப்படை, பாக்கெட் தொலைஞ்சா நெரிசல்னு எடுத்துக்கிட்டு வேகத்த பாதியாக்கு, அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா ஏத்து. இப்ப லினக்ஸ் சிஸ்டத்துல இருக்கிற க்யூபிக்ங்கிற முறையும் அந்த வம்சம்தான், பாதிக்கு பதிலா 70 சதவீதத்துக்கு இறங்கும். ஆனா தொலையுற வரைக்கும் இது ஏத்திக்கிட்டே போகும், ரவுட்டர்ல மெமரி தாராளமா இருக்கிறதால பாக்கெட் தொலையாம வரிசைல தேங்கி நிக்குது, நம்ம வீடியோ காலோட பாக்கெட்டும் அதுக்கு பின்னாடி நிக்கணும். இன்னொரு பக்கம் சிக்னல் வீக்கா இருந்து பாக்கெட் விழுந்தாலும் நெரிசல்னு நினைச்சு சும்மாவே பம்மிரும்.

கூகுள் 2016ல விட்ட பிபிஆர்ங்கிற முறை பாக்கெட் தொலையுறத பாக்காம, லைன் எவ்வளவு தாங்குது, போய்வர எவ்வளவு நேரம் ஆவுதுன்னு அளந்து அனுப்புது. வரிசை தேங்குறது குறையும், வாஸ்தவம்தான். ஆனா அதோட முதல் வெர்ஷன், ஏர்வாடி சந்தனக்கூடு கூட்டத்துல இடிச்சுக்கிட்டு முன்னாடி போற ஆள் மாதிரி, பஃபர் (பாக்கெட் வரிசைல நிக்கிற ரவுட்டர் மெமரி) சின்னதா இருந்தா கூட ஓடுற க்யூபிக்க நசுக்கிரும். வேகம் வேணுமா, தாமதம் குறையணுமா, எல்லாருக்கும் சமமா கிடைக்கணுமா, மூணையும் முழுசா தர்ற ஒண்ணு இன்னும் வரல. இதுல எத வைக்கிறதுன்னு முடிவு பண்றது அனுப்புற பக்கம்தான், டவுன்லோட்னா சர்வர்காரன், அப்லோட்னா நம்ம ஃபோன்லயோ கம்ப்யூட்டர்லயோ இருக்கிற சாஃப்ட்வேர், வாங்குற பக்கம் இல்ல.

நம்ம சுலபமா மாத்தக்கூடியது ரவுட்டர்தான். எஃப்க்யூ கோடெல்னு ஒரு வரிசை முறை, ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற இலவச சாஃப்ட்வேர் போட்ட ரவுட்டர்ல தானாவே வருது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை போட்டு, பாக்கெட் 5 மில்லிசெகண்டுக்கு மேல தேங்கிக்கிட்டே இருந்தா சிலத தூக்கி போட்டு அனுப்புறவன அடக்கும். அது நல்லா வேலை செய்ய, அப்லோட் வேகத்த லைன் தர்றதவிட கொஞ்சம் கம்மியா செட் பண்ணணும். ஸ்பீடு டெஸ்ட் நம்பர் இறங்கும், நம்பரையே பாக்கிறவங்களுக்கு வயிறு எரியும், ஆனா கால் கட்டாகாது.

அதனால அடுத்த தடவ கம்பெனிகள ஒப்பிட்டு போடும்போது, லைன் ஃபுல்லா ஓடுற நேரத்துல பிங் (ஒரு பாக்கெட் போய்வர ஆகுற நேரம்) எத்தன மில்லிசெகண்டுக்கு ஏறுதுங்கிறதையும் பக்கத்து கட்டத்துல போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கீழக்கரை