"கியர் சரியில்ல"ன்னு மட்டும் சொன்னா போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஆட்டோமேட்டிக் கார் கியர் பத்தி உங்க பேப்பர்ல கொஞ்சம் விளக்கமா எழுதுங்க ப்ளீஸ். என் வண்டில ரிவர்ஸ் போட்டா 2, 3 செகண்ட் கழிச்சுதான் பிடிக்கும், நான் மெக்கானிக்கிட்ட கியர் சரியில்லன்னு மட்டும் சொன்னேன், அவர் கியர்பாக்ஸையே இறக்கணும்னுட்டாரு, கடைசில பாத்தா சீல் கசிஞ்சு கியர்பாக்ஸ் ஆயில் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். காலைல இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் இப்படி ஆகுதுன்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும். எந்த கியர், எந்த வேகம், ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கறது) எவ்வளவுன்னு குறிச்சு வச்சு சொன்னா பாதி வேலை முடிஞ்சுது.

ஆக்சிலேட்டர் மிதிச்சா ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலன்னா அது ஸ்லிப், உள்ள கிளட்ச் தேஞ்சிருக்கலாம் இல்ல ஆயில் பிரஷர் பத்தாம இருக்கலாம். ஒரே வேகத்துல போறப்ப கரடுமுரடான ரோட்ல போற மாதிரி அதிர்ந்தா டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்திய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கடத்துற பாகம்) லாக்கப்பையும், அதாவது அத நேரடியா பூட்டுற கிளட்சையும், பாக்க சொல்லுங்க. ஆனா சிவிடில (தனித்தனி கியர் இல்லாம தொடர்ச்சியா மாறுற ஆட்டோமேட்டிக்) ஆர்பிஎம் அப்படியே நிக்க வேகம் மட்டும் ஏறுறது கோளாறே இல்ல, ஏஎம்டில (மேனுவல் கியர்பாக்ஸையே தானா மாத்துற வகை) கியர் மாறும்போது லேசா தலை ஆடுறதும் அப்படித்தான், இதுக்கெல்லாம் பயந்து செலவு பண்றவங்கள நினைச்சா வருத்தமா இருக்கு. கியர்பாக்ஸ் ஆயில் கருத்துப்போய் கருகின வாடை வந்தா மட்டும் ஒருநாள்கூட தள்ளிப்போடாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்