முரளி செய்த வேலை

அன்புள்ள சேகர்,

நலம்தானே? இங்கே எல்லாரும் சௌக்கியம். இவ்வளவு நாள் எழுதவில்லை என்று திட்டப்போகிறாய், திட்டு, ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

முரளி மறுபடி தன் வேலையைக் காட்டிவிட்டான். அந்தப் பேட்டி வீடியோக்களுக்கெல்லாம் நான் உட்கார்ந்து வெப்விடிடியில், அதான் வெப் வீடியோவுக்கான அந்தக் கோப்பு வடிவத்தில், கேப்ஷன் (திரையில் வரும் வசன எழுத்து) போட்டிருந்தேனே, அத்தனையையும் எஸ்ஆர்டி என்ற பழைய, எளிய வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பொது ஃபோல்டரில் இருந்த மூலக் கோப்புகளை அழித்துவிட்டான். கேட்டால், "எஸ்ஆர்டி எங்கே போட்டாலும் ஓடும்டா, நொடிக்கு அப்புறம் புள்ளி இருந்த இடத்தில் கமா வரும், அவ்வளவுதானே" என்கிறான்.

பாதி சரிதான், அதுதான் எரிச்சலே. வெப்விடிடி பிறந்ததே எஸ்ஆர்டியிலிருந்து. 2010-இல் இயன் ஹிக்சன் எழுதியபோது அதன் பெயரே வெப்எஸ்ஆர்டி. 00:03:12.400 என்று தொடங்கும் நேரம், அம்புக்குறி, முடியும் நேரம், கீழே வசனம், எல்லாம் ஒரே அச்சு. ஆனால் வெப்விடிடியில் வசனத்துக்கு முன்னால் கோண அடைப்புக்குள் யார் பேசுகிறார் என்று பெயர் போடலாம். நேரம் இருக்கும் வரியிலேயே எழுத்து திரையில் எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்லலாம். இடது பக்கம் இருப்பவர் பேசினால் இடது பக்கம், வலது என்றால் வலது. இவன் மாற்றியதில் அதெல்லாம் போச்சு.

போனால் என்ன என்கிறாயா? செல்விக்கு இப்போது இரண்டு காதும் நன்றாகக் குறைந்துவிட்டது, உனக்குத் தெரியுமோ என்னவோ. மூன்று பேர் பேசும் அந்தப் பேட்டியை நேற்றுப் பார்த்திருக்கிறாள். "நீங்களா கையெழுத்துப் போட்டீர்கள்?", "இல்லை", "இல்லையில்லை, போட்டார்" என்று அடுத்தடுத்து வரும் இடம். மூன்றும் திரைக்கு அடியில் நடுவில் வந்து போகின்றன, கேமராவோ யாரையும் காட்டாமல் மேஜையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. யார் மறுத்தது, யார் போட்டுக்கொடுத்தது? எனக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டாள். நமக்குக் குரலே சொல்லிவிடும், அவளுக்கு அந்த எழுத்துதான் குரல். வெப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில், வீடியோவோடு எழுத்துக் கோப்பை இணைக்கும் ட்ராக் குறியில் சப்டைட்டில் வேறு, கேப்ஷன் வேறு என்று வைத்திருப்பது சும்மாவா? முன்னது மொழி புரியாதவருக்கு, பின்னது காது கேளாதவருக்கு. அதில் யார் பேசுகிறார் என்பதும் வர வேண்டும், கதவு தட்டும் சத்தமும் வர வேண்டும். முரளிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்நேரம் நீ உன் டிடிஎம்எல் புராணத்தை, அதான் அந்த இன்னொரு கேப்ஷன் வடிவத்தின் பெருமையை, எடுத்திருப்பாய். சரி, ஒளிபரப்புக்காரர்களுக்கு அதுதான் தோது, திரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டிவிடலாம், ஃபிரேம் கணக்கில்கூட நேரம் குறிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ட்ராக் குறியில் நேராகக் கொடுத்தால் பிரௌசர்கள் அதைச் சீண்டுவதில்லையே, பிளேயரில் தனியாக ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். டிடிஎம்எல் எழுதுவது எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில், அதில் ஒரு குறியை மூட மறந்தால் கோப்பே படுத்துவிடும். வெப்விடிடியில் ஒரு வசனம் கெட்டால் பெரும்பாலும் அதோடு போகும், மிச்சம் ஓடும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோப்புகளின் முதல் பிரதியை உனக்கு அனுப்பியிருந்தேன், உன் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும், தேடிப் பார். நீ உன் புத்தியைக் காட்டி டிடிஎம்எல்லாக மாற்றி வைத்திருந்தாலும் பரவாயில்லை, பேசுபவர் பெயர் அதில் இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வேன். முரளியிடம் மட்டும் மூச்சு விடாதே, நானே மாற்றித் தருகிறேன் என்று வந்து நிற்பான்.

அன்புடன்,
ரவி