வரிச் சட்டத்தில் ஓட்டையை வைத்துக்கொண்டு ஒழுக்கம் பேசாதீர்கள்: நிதியமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிதியமைச்சர்களே, வரிச் சட்டம் எழுதும் அதிகாரிகளே, அதற்குக் கை தூக்கும் மக்கள் பிரதிநிதிகளே, வணக்கம்.

எந்த நாட்டு அமைச்சருக்கு என்று எழுதவில்லை, ஏனென்றால் இந்த விஷயத்தில் நீங்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறீர்கள். ஒரு பெரிய நிறுவனமோ பிரபலமோ சட்டத்துக்கு உட்பட்டே வரியைக் குறைத்துக்கொண்டது வெளியே வந்துவிட்டால் போதும், மைக் முன்னால் வந்து நின்று இது ஒழுக்கக்கேடு என்கிறீர்கள். நாங்களும் கை தட்டுகிறோம். அடுத்த பட்ஜெட்டில் பார்த்தால் அந்தச் சட்டப்பிரிவு ஒரு கமா கூட மாறாமல் அப்படியே இருக்கிறது.

இன்னொரு பக்கம் வரி ஆலோசகர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீங்களும்தானே ஓய்வுக்கால நிதியில் பணம் போட்டு வரியைக் குறைக்கிறீர்கள், அவர்கள் செய்வதும் அதுதான், தொகைதான் பெரியது என்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஓய்வுக்காலத்துக்குச் சேமியுங்கள், அதற்கு இவ்வளவு விலக்கு என்று கூப்பிட்டதே அரசுதான். கூப்பிட்டார்கள், போனோம். புகைப்பதை விட்டவர்கூடத்தான் புகையிலை வரியைத் தவிர்க்கிறார், அதற்காக அவரை யாராவது திட்டுகிறோமா? சட்டம் என்ன நினைத்ததோ அது நடக்கும்போது கோபம் வருவதில்லை.

ஸ்டார்பக்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1998 முதல் 2012 வரை சுமார் 300 கோடி பவுண்டுக்கு விற்பனை, கட்டிய நிறுவன வரி 86 லட்சம் பவுண்டு என்று 2012ல் வெளியே வந்தது. பெயரையும் கடை நடத்தும் முறையையும் பயன்படுத்துவதற்கான கட்டணம் நெதர்லாந்தில் இருந்த தன் சொந்த நிறுவனத்துக்குப் போனது, காப்பிக்கொட்டை சுவிட்சர்லாந்து கிளை வழியாக வாங்கப்பட்டது, குழுமத்துக்குள்ளேயே வாங்கிய கடனுக்கு வட்டி வேறு. எல்லாம் கழிந்தபின் பிரிட்டனில் லாபமே மிஞ்சவில்லை. இதில் எதுவும் குற்றம் இல்லை. ஆனால் ராயல்டி எனப்படும் அந்தப் பெயர்க் கட்டணத்தைக் கழித்துக்கொள்ள அனுமதித்த சட்டம், ஒரே முதலாளியின் இடது பையிலிருந்து வலது பைக்குப் பணம் போவதை மனதில் வைத்தா எழுதப்பட்டது? அந்த வருடம் நவம்பரில் ஸ்டார்பக்ஸ், கூகுள், அமேசான் மூன்றையும் நாடாளுமன்றக் குழு அழைத்தபோது அதன் தலைவர் மார்கரெட் ஹாட்ஜ், நீங்கள் சட்டத்தை மீறினீர்கள் என்று சொல்லவில்லை, ஒழுக்கம் தவறினீர்கள் என்றுதான் சொல்கிறோம் என்றார். வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது, எல்லோருக்கும் திருப்தி.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. டிசம்பரில் ஸ்டார்பக்ஸ், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 2 கோடி பவுண்டு வரை தானாகவே கட்டுகிறோம் என்றது. வரியைத் தானாக முன்வந்து கட்டுவதா? இஷ்டப்பட்டால் கொடுப்பது, எவ்வளவு என்பதையும் கொடுப்பவரே முடிவு செய்வது என்றால் அதற்குப் பெயர் நன்கொடை. உங்கள் ஒழுக்கப் பேச்சு கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அதுதான்: திட்டு வாங்கப் பயந்தவர் கொஞ்சம் போட்டார், திட்டுக்கு அஞ்சாதவர் போடவில்லை. 'இதற்குப் பெயர் முதலாளித்துவம், எங்கள் ஏற்பாட்டைப் பற்றிப் பெருமைப்படுகிறேன்' என்று கூகுளின் தலைவர் எரிக் ஷ்மிட் அதே டிசம்பரில் சொன்னார். முகத்துக்கு நேரே சொன்னாரே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை கூட உண்டு.

மக்கள் இதை உள்ளபடி எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். 2003ல் வெளியான ஓர் ஆய்வில் வரி அதிகாரிகள், வணிகவியல் மாணவர்கள், வழக்கறிஞர்கள், சிறுதொழில் நடத்துபவர்கள் என்று 252 பேரிடம் கேட்டார்கள். கருவூலத்துக்கு நட்டம் என்ற வகையில் சட்டத்தை மீறும் வரி ஏய்ப்பும் சட்டத்துக்கு உட்பட்ட வரித் தவிர்ப்பும் ஒன்றுதான், ஆனாலும் ஏய்ப்பு என்றதும் குற்றம், தண்டனை என்று நினைத்தவர்கள் தவிர்ப்பைச் சாமர்த்தியம் என்று பார்த்தார்கள். ஆக, சாமர்த்தியத்தை நாங்கள் வெறுப்பதில்லை. அந்தச் சாமர்த்தியம் பணம் இருப்பவருக்கு மட்டும் கிடைக்கும்போதுதான் எரிகிறது. மாதச் சம்பளக்காரருக்கு வரி பிடித்தம் போகத்தான் சம்பளமே கைக்கு வருகிறது, அவர் எந்தத் தீவில் போய் எந்த நிறுவனத்தைத் தொடங்குவது?

இதே 2012ல் நகைச்சுவைக் கலைஞர் ஜிம்மி காரின் வரி குறைப்பு ஏற்பாட்டை டேவிட் கேமரன் பிரிட்டன் பிரதமராக இருந்துகொண்டு ஒழுக்க ரீதியில் தவறு என்று கண்டித்தார், காரும் மன்னிப்புக் கேட்டார். நான்கு ஆண்டு கழித்து, வெளிநாடுகளில் யார் யார் நிறுவனம் வைத்திருக்கிறார்கள் என்று காட்டிய பனாமா ஆவணங்கள் கசிந்து வெளிவந்தன. தன் தந்தை நடத்திய வெளிநாட்டு முதலீட்டு நிதியில் தனக்கும் பங்கு இருந்தது, 2010ல் விற்றுவிட்டேன் என்று கேமரனே சொல்லவேண்டி வந்தது. அதுவும் சட்டப்படி சரிதான், வர வேண்டிய வரியைக் கட்டியிருந்தார். இரண்டும் ஒன்றல்ல என்று வாதாடவும் முடியும். ஆனால் ஒழுக்கத்தைத் தராசாகத் தூக்கிவிட்டால் அதில் யார் வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம், நீங்களும்தான்.

சட்டத்தால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தன் வரி குறையும்படி விவகாரங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு, அதிக வரி கட்டுவது தேசபக்திக் கடமை ஒன்றும் இல்லை என்று 1934ல் அமெரிக்க நீதிபதி லெர்னட் ஹேண்ட் ஒரு வழக்கின் தீர்ப்பில் எழுதியதை வரி ஆலோசகர்கள் மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். அந்த வழக்கில் யார் தோற்றார் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். வரியைக் குறைப்பதற்காகவே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி ஆறே நாளில் கலைத்த கிரிகரி என்ற அம்மையார்தான் தோற்றார். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த நிறுவனத்துக்கு வரியைத் தவிர வேறு நோக்கமே இல்லை என்று அந்த நீதிபதியே தீர்ப்பளித்தார், 1935ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நோக்கத்தைப் பார்க்கச் சட்டத்துக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

மனம் வைத்தால் உங்களாலும் முடியும். நிறுவனங்களை இழுக்க நாடுகள் போட்டி போட்டு வரியைக் குறைப்பதை நிறுத்தவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த நீங்கள்தான் 2021 அக்டோபரில் 136 நாடுகளாகக் கூடி, 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று ஒத்துக்கொண்டீர்கள். அதிலும் இப்போது ஆளாளுக்கு நழுவுகிறீர்கள், அது வேறு கதை. மனம் வைக்காதபோது எப்படி நடக்கும் என்பதற்கு அயர்லாந்து. லாபத்தை பெர்முடா போன்ற வரியில்லாத இடங்களுக்குக் கடத்த உதவிய ஓர் ஏற்பாட்டை 2015 முதல் புதிதாக வரும் நிறுவனங்களுக்கு மூடினார்கள், ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருந்தவர்களுக்கோ 2020 கடைசி வரை அவகாசம்! சம்பளக்காரரின் ஒரு விலக்கை எடுக்கும்போது என்றைக்காவது ஆறு வருட அவகாசம் கொடுத்திருக்கிறீர்களா?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சலுகையும் எதற்காகத் தரப்படுகிறது என்பதைச் சட்டத்திலேயே இரண்டு வரியில் எழுதுங்கள், அந்த நோக்கத்துக்கு எதிராகப் பயன்படுத்தினால் செல்லாது என்பதையும் சேர்த்து. அதனால் எவ்வளவு வருவாய் போகிறது, எந்த வருமானப் பிரிவினருக்குப் போகிறது என்று வருடாவருடம் வெளியிடுங்கள். அடுத்த முறை ஒரு நிறுவனத்தை நாடாளுமன்றக் குழு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கும்போது, அந்தச் சட்டப்பிரிவை எழுதியவர்களையும், எழுதும்போது ஆலோசனை சொல்ல வந்தவர்களையும் பக்கத்து நாற்காலிகளில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
பிடித்தம் போகச் சம்பளம் வாங்குகிற ஒருவர்