சும்மா வந்த துணி

அரூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ கேட்ட துணியெல்லாம் இந்தப் பார்சலில் வருகிறது. மூன்று கட்டாகக் கட்டியிருக்கிறேன், அவிழ்த்து ஒன்றாகக் கொட்டிவிடாதே. வெள்ளை நாடா கட்டியது பிளவுஸ் பிட்டுகள். பச்சை நாடா கட்டியது புடவை. மஞ்சள் பையில் இருப்பது சில்லறைச் சாமான்கள். போனில் சொன்னால் பாதியை "சரிம்மா, சரிம்மா" என்றே தள்ளிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் அப்பார்ட்மென்ட் ஸ்டாலில் தலைக்குப் போடும் துணி ரப்பர் பேண்டு, கம்மல், சுருக்குப்பை எல்லாம் வைக்கப்போகிறேன் என்றாய். சந்தோஷம். ஆனால் "துணிதான் சும்மா கிடைக்குதேம்மா, முப்பது ரூபாய்க்குக் கொடுத்தாலும் லாபம்தானே" என்றாய் பார், அது எனக்குச் சரியாகப் படவில்லை. புதுத்துணியை விரித்தோமா, அளந்தோமா, வெட்டினோமா என்று போய்விடலாம். பழைய துணியைத் துவைக்க வேண்டும், தையல் பிரிக்க வேண்டும், வெளிச்சத்தில் பிடித்து எங்கே நைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் கத்தரிக்கோல். சும்மா வந்த துணிக்குத்தான் கைவேலை அதிகம்.

பிளவுஸ் பிட்டுகளில் முக்கால்வாசி ரூபியாவும் பாப்ளினும்தான். எல்லாம் "நீயே வெச்சுக்கக்கா" என்று என்னிடம் தைக்கக் கொடுத்த வாடிக்கைக்காரர்கள் விட்டுப்போனவை. கேட்காமல் ஒரு சாண் துணியைக்கூட நான் எடுத்துவைத்ததில்லை, அது இந்தத் தெருவுக்கே தெரியும். தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்திவிட்டேன், இனிமேல் சுருங்காது. சாயத்தை மட்டும் நீ பார்த்துக்கொள். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிட்டின் ஓரத்தில் அழுத்தித் தேய். அரக்கும் கருநீலமும்தான் பெரும்பாலும் காலை வாரும். நம் பெண்கள் தலைக்குக் குளித்த ஈரத்தோடேயே ரப்பர் பேண்டைப் போட்டுவிடுவார்கள். சாயம் இறங்கினால் கழுத்தெல்லாம் நீலம், சட்டைக் காலரெல்லாம் நீலம், அடுத்த நாள் உன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று உன் ஆயா சொல்லும். நிற்காது. நாலு அலசலுக்குப் பிறகும் சாயம் விடுகிற துணியை ஊசி குத்திவைக்கிற மெத்தைக்கு அடைத்துவிடு.

ரப்பர் பேண்டுக்கு அளவு கேட்டிருந்தாய். 22 இஞ்ச் நீளம், 4 இஞ்ச் அகலம். துணி கொஞ்சம் தடிப்பாக இருந்தால் அகலத்தில் அரை இஞ்ச் குறைத்துக்கொள். உள்ளே கால் இஞ்ச் எலாஸ்டிக், 7 இஞ்ச் நீளம் போதும். எலாஸ்டிக்கின் இரண்டு முனையையும் முடிச்சுப் போடாதே. ஒன்றின்மேல் ஒன்றை அரை இஞ்ச் ஏற்றிவைத்து முன்னும் பின்னும் தைத்துவிடு. முடிச்சு போட்டால் அது ஒருநாள் அவிழும், அவிழும்வரை முடியைப் பிடித்து இழுக்கும். துணிக் குழாயைத் திருப்ப ஒரு பெரிய ஊக்கு போதும், அதற்கென்று விற்கிற கம்பியெல்லாம் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. பழைய துணிக்கு மெல்லிய ஊசி போடு, 11 நம்பர். 16 போட்டால் ஒவ்வொரு குத்தும் பெரிய ஓட்டையாக நிற்கும். தையலையும் ரொம்பப் பொடியாக வைக்காதே. பொடித் தையல்தான் உறுதி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நைந்த துணியில் அது தபால்தலை ஓரம் மாதிரி ஆகிவிடும், ஓட்டை வரிசையோடு நேராகக் கிழியும். நடுத்தரமாக வை.

இப்போது புடவைக் கட்டு. அதில் இரண்டு காட்டன், ஒரு பூனம், அப்புறம் நீ வெகுநாளாகக் கண்வைத்திருந்த ஆயாவின் கல்யாணப் பட்டு. "எனக்கெதுக்கு இனிமே, அவளையே வெட்டிக்கச் சொல்லு" என்று ஆயாவே எடுத்துக் கொடுத்துவிட்டது. நான்தான் உடனே கத்தரியைத் தொடவில்லை. வாசலில் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக வெளிச்சம் வருகிறது. இத்தனை வருஷம் ஒரே மடிப்பில் கிடந்தது, இழை அந்த இடத்திலேயே அறுந்திருக்கிறது. இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேசாக இழுத்தேன். பாவுப் பக்கம், அதாவது நீளவாக்கு இழை, தாங்கியது. ஊடைப் பக்கம், குறுக்கு இழை, 'சர்' என்று போய்விட்டது. அதனால் புடவையின் உடம்புத் துணியில் ரப்பர் பேண்டு தைக்கவே தைக்காதே. எலாஸ்டிக் இழுக்கிற இழுப்புக்கு ஒரு வாரம் வராது. இழுவை இல்லாத பொருளுக்குத்தான் அது ஆகும். இஸ்திரி போட்டால் ஒட்டுகிற கேன்வாஸைப் பின்னால் ஒட்டிவிட்டு வட்டமாக வெட்டினால் கம்மல், நீளமாக வெட்டினால் புத்தகத்துக்கு அடையாளப் பட்டை. இஸ்திரியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வை, நடுவில் ஒரு காட்டன் துணி இருக்கட்டும்.

கரையை மட்டும் பிரித்து என்னிடமே வைத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஓரத்திலிருந்து ஒரு ஜரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டினேன். மேல் தகடு விலகியதும் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. அசல் ஜரிகை என்றால் அப்படித்தான் இருக்கும். பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. போலியில் செம்புக் கம்பியோ பளபளக்கிற பிளாஸ்டிக்கோதான் சுற்றியிருக்கும். "பழைய பட்டுப்புடவைக்குக் காசு" என்று மைக்கில் கத்திக்கொண்டு ஆட்டோவில் வருகிறார்களே, அவர்களுக்குக் கரையில் நெய்த பூவும் தேவையில்லை, மயிலும் தேவையில்லை. எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள். அந்தக் கரையை நாலு கம்மலாக வெட்டுவதும் எனக்கு மனசு வரவில்லை. ஒரு நல்ல கெட்டித்துணியில் வைத்துத் தைத்து இடுப்பு பெல்ட்டாக்கித் தருகிறேன். அது ஸ்டாலுக்கு இல்லை, உனக்கு.

அங்கே பழைய துணிக் கடைகளில் நீயாகவும் வாங்குகிறாயாமே. பட்டு என்று சொல்லிக் கொடுத்தால் நம்பாதே. ஒரு இழையை உருவிப் பற்றவை. முடி கருகுகிற நாற்றம் வந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி. உருகி உருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். அதில் நன்றாகச் சூடேறிய இஸ்திரியை வைத்தால் துணி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்படித் தெரிந்த பிறகு பட்டு என்று சீட்டு எழுதி ஒட்டாதே.

மஞ்சள் பைக்கு வருகிறேன். அறுந்த பாசிமாலைகள், ஜோடி தொலைந்த ஜிமிக்கிகள், சட்டைப் பித்தான்கள், சோழி. ஒற்றை ஜிமிக்கியைக் கம்மலாக்க முடியவில்லையே என்று யோசிக்காதே, சுருக்குப்பையின் கயிற்று நுனியில் தொங்கவிடு, அழகாக இருக்கும். ஓட்டைக் காலணா கொஞ்சம் இருக்கிறது. 1943 முதல் 1947 வரை அடித்தது, நடுவில் ஓட்டையோடேயே வந்த காசு, நூல் கோத்தால் போதும். அதைப் பார்த்துவிட்டு இப்போதைய ஒரு ரூபாயில் ஓட்டை போடக் கிளம்பாதே. புழக்கத்தில் இருக்கிற நாணயத்தைச் சிதைக்கக் கூடாதென்று 2011 நாணயச் சட்டம் இருக்கிறதாம், அப்பா சொல்கிறார். அவர் பேப்பர் படிப்பதில் எனக்குக் கிடைக்கிற ஒரே உபயோகம் இதுதான். கம்மல் கொக்கி மட்டும் பழசு வேண்டவே வேண்டாம். கருக்கிற மட்டக் கொக்கியில் நிக்கல் இருக்கும், சிலருக்குக் காது வெந்துபோகும். எவர்சில்வர் கொக்கியாக பெங்களூர் சிக்பேட்டையில் புதிதாகவே வாங்கிக்கொள்.

திருப்பூரிலிருந்து சித்தப்பா கொடுத்தனுப்பிய பனியன் துணி கொஞ்சமும் அடியில் இருக்கிறது. அகலவாக்கில் பட்டையாக வெட்டி இழுத்துப் பார், தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். தலைக்கட்டுப் பட்டைக்கு, கழுத்து மாலைக்கு ஆகும். ஓரம் பிரியாது, தையலே வேண்டாம்.

நம் அரூர் பக்கத்துச் சிட்லிங்கியில் லம்பாடி இனப் பெண்கள் போர்கை என்று சங்கம் வைத்து எம்பிராய்டரி செய்கிறார்கள், தெரியுமில்லையா. அவர்களுடைய பழைய பாவாடையை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். துண்டுத் துணி, கண்ணாடி, சோழி, காசு, எல்லாம் ஒரே துணியில் உட்கார்ந்திருக்கும். நீ இப்போது புதிதாகச் செய்யப்போவதாக நினைக்கிற வேலை நம் மலையடிவாரத்தில் ரொம்ப நாளாக நடக்கிறது. பார், கற்றுக்கொள். ஆனால் அவர்கள் கோலத்தை அப்படியே எடுத்துப்போட்டு 'லம்பாடி ஒர்க்' என்று போர்டு வைக்காதே. அந்த வேலைதான் வேண்டும் என்றால் அவர்களிடமே காசு கொடுத்து வாங்கு.

விலை விஷயம். ஒரு ரப்பர் பேண்டுக்குத் துவைத்து, இஸ்திரி போட்டு, வெட்டி, தைத்து, திருப்பி, எலாஸ்டிக் கோத்து முடிக்க அரை மணி ஆகிறது என்று வை. மணிக்கு 100 ரூபாய் கூலி என்றாலே 50 ஆயிற்று. எலாஸ்டிக், நூல், கரண்ட், ஸ்டால் வாடகை எல்லாம் அதற்கு மேல். முப்பது ரூபாய்க்கு விற்றால் வாங்குகிறவருக்கு நீ கையிலிருந்து காசு கொடுத்து அனுப்புகிறாய். பத்து ரூபாய்க்கு மூன்று என்று பஸ் ஸ்டாண்டில் விற்கிறார்களே என்று யாராவது கேட்பார்கள். "அங்கேயே வாங்குங்கக்கா, நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல். உண்மையும் அதுதான், நானே அதைத்தான் போடுகிறேன்.

பழைய புடவையில் செய்தது என்று ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு வைத்துவிடு. யார் கட்டிய துணியோ, செத்தவர்கள் துணியோ என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் வாங்காமல் போகட்டும், அதில் தப்பில்லை. தெரியாமல் வாங்கி வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்வதுதான் கெடுதல். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிகிற துணியை மட்டும் எடு.

பார்சல் வந்ததும் புடவைக் கட்டைப் பிரித்து நிழலில் ஒருநாள் போடு, அந்துருண்டை வாசனை போகட்டும். நூல் அறுகிறது என்றாயே, அது உன் மெஷினின் பாபின் கேஸாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு வரும்போது கழற்றி எடுத்து வா, பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: ஆயாவுக்கு வெற்றிலை பாக்கு வைக்க ஒரு சுருக்குப்பை வேண்டுமாம், பச்சை நிறத்தில், இரண்டு அறை வைத்து. காசு எவ்வளவு என்று உன்னைக் கேட்கச் சொன்னது. கூலிக் கணக்கை நான் படித்துக் காட்டினேன். அவ்வளவா என்று கேட்டுவிட்டு, புடவைக்குக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது.